கொசுவலைப் பாவாடை

அந்தப் பக்கம் உக்காராதீங்க அம்மிணி, அங்க ஃபேன் ஓடாது. இங்க வாங்க, இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். ஜன்னலோரப் பெட்டு உங்க மாமியாருங்களா? நேத்து நீங்க பிளாஸ்க்கைத் தூக்கிட்டுப் போறப்பக் கதவு தொறந்துச்சு, பார்த்தேன். அதுக்கு அடுத்த பெட்டுதானுங்க நம்ம வீட்ல. சாந்தாமணின்னு பேரு. ஒல்லியா, சுவத்தைப் பார்த்து ஒருக்களிச்சே படுத்திருப்பா. பார்த்திருப்பீங்க.

இல்லீங்க, நான் உள்ள போறதில்லை. நாலு மணிக்கு ஆம்பளைகளையும் விடுவாங்கதான். செக்யூரிட்டி தங்கமான மனுசன், அவர் ஒண்ணும் சொல்லலை. சொன்னது எம் பொண்டாட்டிங்க. ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் நர்ஸம்மாகிட்டச் சொல்லியிருக்கா, "அவரை இங்க வர வேண்டாம்னு சொல்லிருங்க"ன்னு. அந்தப் பொண்ணு வெளிய வந்து, எல்லாரும் கேட்க, அதை அப்படியே ஒப்பிச்சுட்டுப் போயிருச்சு. அன்னையிலிருந்து இந்த பெஞ்சுதானுங்க நமக்கு வீடு. இங்கிருந்து வீட்டுக்கு வருவாளா, வந்தாலும் எங்கூடப் பேசுவாளான்னே தெரியலை. அதை நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது. எல்லாம் ஒரு பாவாடையால வந்ததுங்க.

சிரிக்காதீங்க, மெய்யாலுமே பாவாடைதான். சித்த இருங்க, சொல்றேன். நாலு மணி ஆக நேரம் கிடக்குதில்ல.

நமக்குக் கரூருங்க. கொசுவலைக் கம்பெனி வெச்சிருக்கேன். நீங்க பல்லடமா? உங்க வீட்ல கொசுவலை இருந்தா அது நம்ம ஊருச் சரக்காத்தான் இருக்கும். ஒரு வலையைத் தொட்டுப் பார்த்தாப் போதும், என்ன நூலு, எத்தனை துவைப்புக்குத் தாங்கும்னு சொல்லிருவேன். ஊர்ல துரைசாமின்னு கேட்டா யாருக்கும் தெரியாது, கொசுவலை துரைசாமின்னு கேட்டாக் கை பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. ஏன் சொல்றேன்னா, வலையைப் பத்தி நமக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை.

போன வருசம் பெங்களூர்ல இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தாங்க சாந்தாமணி. சிந்துஜான்னு ஒரே பொண்ணு. ஒரு மாசம் இருந்துட்டுத் திரும்பி வரா, நான் ஸ்டேஷனுக்குப் போறேன். எல்லாரும் இறங்கறாங்க, இவளைக் காணோம். ரெண்டு பெட்டி தள்ளிப் போய் எட்டி எட்டிப் பார்க்கறேன். பக்கத்துல வந்து நின்னு, "ஏனுங், இந்தப் பையைப் பிடிங்க"ங்கறா. திரும்பிப் பார்த்தா வேற யாரோன்னு நினைச்சுத் தள்ளி நின்னுட்டேன். கழுத்துல தாலிக்கொடி, கொண்டையில பூ, எல்லாம் இருக்குது. மேல கை வெச்ச பனியன் மாதிரி ஒண்ணு. கீழ வலைங்க. அடுக்கடுக்கா வலை. காஞ்ச ரோஜாப்பூக் கலர்ல, முழங்காலுக்கும் கீழ வரைக்கும், சும்மா பொங்கி நிக்குது. காத்தடிச்சா ஒரு பக்கம் சாயுது, அப்பறம் தானா நிமிந்துக்குது.

"சீலை எங்க?"ன்னேன். "பையில"ன்னா.

பொண்ணுக்குப் போன் போட்டேன். "அப்பா, அதுக்குப் பேரு டூட்டூ. பாலே டான்ஸ் ஆடறவங்க போடற பாவாடை. இப்ப எல்லாரும் சாதாரணமா அதைப் போட்டுட்டுக் கடைக்கு, ஆபீசுக்குப் போறாங்க. அம்மாவும் நானும் ஒரே கடையில வாங்கினோம்"னுது. "டான்ஸா? உங்கம்மா ஆடறாளா?"ன்னேன். "ஆடலைப்பா. நடக்கறாங்க. இங்க வந்து நல்லா நடந்தாங்க"ன்னுது. நடக்கறதுக்கு எதுக்குடா தனியா ஒரு பாவாடைன்னு எனக்கு. வெச்சிருச்சு போனை.

சரி, ரயில்ல வந்த அலுப்பு, நாளைக்குச் சீலை கட்டிக்குவான்னு நினைச்சேன். கட்டலை. மறுநாள் சாம்பல் கலர்ல இன்னொண்ணு. ரெண்டு வாங்கியிருக்காங்க. ஒண்ணு தண்ணியில, ஒண்ணு உடம்புல. பாலுக்குப் போனா அதுதான், உழவர் சந்தைக்குப் போனா அதுதான், பேங்குக்குப் போனாலும் அதுதான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து சீலையைத் தவிர வேற ஒண்ணு உடுத்தி அவ வாசப்படி தாண்டினதில்லை. நைட்டி வீட்டுக்குள்ள மட்டும். நைட்டியோட கேட்டுக்கிட்ட நிக்கக் கூடாதுன்னு நம்ம வீட்ல கண்டிசன். யாரு போட்ட கண்டிசன்னா, நான்தான் போட்டேன், வேற யாரு.

ஊரு வாயைப் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில உக்காந்தா, "என்ன துரைசாமி, கம்பெனியில சரக்குத் தேங்கிப் போச்சாட்ட இருக்குது, வீட்ல உடுத்தித் தீர்க்கறீங்க?"ங்கறான் ஒருத்தன். "அண்ணி எங்க போனாலும் கொசு கடிக்காது"ங்கறான் இன்னொருத்தன். எங்கூட நூல் ஏவாரம் பண்றவரு தனியாக் கூப்பிட்டு, "தொழில்ல ஏதாச்சும் கஷ்டமா, சொல்லுப்பா"ன்னு கேட்கறார். விளையாட்டுக்கில்லை, நெசமாவே கேட்கறார். எனக்கு மண்டை காஞ்சு போச்சு. நம்ம வலையே இல்லீங்க அது. நம்முளது மொரமொரன்னு இருக்கும். அது நைலான், பூ மாதிரி. அதைப் போய் நம்ம கம்பெனிச் சரக்குங்கறானுங்க.

வீட்ல வந்து கேட்டா, கத்த மாட்டா, அழ மாட்டா. "நாடா கட்டினா எரியுதுங்க"ம்பா. அவ்வளவுதான் பதில். சீலைக்குள்ள பாவாடை கட்டணுமில்ல, அந்த நாடா. அது எந்தப் பொம்பளைக்கு எரியலைங்கறேன். எங்கம்மாவுக்கு இடுப்பைச் சுத்திக் கறுப்பாத் தடமே இருக்கும். எங்கக்காவுக்கும் இருக்கும். உங்களுக்கும் இருக்கும், நான் கேட்கலை, சும்மா சொல்றேன். அதுக்காக எல்லாருமா வலையைக் கட்டிட்டுத் திரியறாங்க? "சுடிதார் போட்டுக்க"ன்னேன், விட்டுக் குடுத்தேன் பாருங்க. போட்டுப் பார்த்துட்டு, "இதுலயும் நாடாதான் இருக்குது"ன்னுட்டா. இந்தப் பாவாடையில பட்டையா, மெதுவா ஒரு எலாஸ்டிக்காம். இடுப்புல ஏறாமக் கீழ, எலும்பு மேல உக்காந்துக்குதாம். அதுதான் காரணமாம்.

நான் கவனிக்காத ஆளில்லீங்க. முதத் தடவை எரியுதுன்னு சொன்னப்பவே வேர்க்குருவா இருக்கும்னு பவுடர் வாங்கிக் குடுத்தேன், பெரிய டப்பா. "டாக்டர்கிட்டக் காட்டலாங்களா?"ன்னு ஒரு தடவை கேட்டா. எந்த இடம்னு கேட்டேன், இடுப்புன்னா. இடுப்பை ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிக் காட்டறது? லேடி டாக்டரா விசாரிச்சுச் சொல்றேன்னேன். அப்பத்தான் டெங்குக் காய்ச்சல் பரவி, ஊரெல்லாம் கொசுவலை கேட்டு அலையுது, மிஷின் நிக்க நேரமில்லை. அவளும் அப்பறம் ஞாபகப்படுத்தலை. ஞாபகப்படுத்தியிருந்தாக் கூட்டிட்டுப் போயிருப்பேனில்ல.

வேலைக்காரம்மாகிட்டத் துணி போடறதை நிறுத்திட்டா. அவ பாவாடையை அவளே துவைச்சு, மொட்டை மாடியில மூலையில காயப் போடுவா. எதுக்குன்னு கேட்டேன், சும்மான்னா. ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டா, இவ நின்னுக்கிட்டே சாப்பிடுவா. பரிமாறப் பழகினவ, நின்னே பழகிட்டான்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் ஜவஹர் பஜார்ல வண்டியை நிறுத்திட்டு நிக்கறேன். எதுத்தாப்புல அவ போறா. நான் நிக்கறது அவளுக்குத் தெரியாது. அந்த ரோஜாப்பூக் கலரு. கையில கட்டைப் பை. மழை பேஞ்சு ரோட்டுல தண்ணி நிக்குது. சீலையா இருந்தா ஒரு கையில கொசுவத்தைத் தூக்கிட்டு, வெளிம்பு நனையுதான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டே போவா. அன்னைக்கு ஒரே எட்டு, தாண்டிட்டாங்க. தாண்டி அந்தப் பக்கம் போய், கீரை விக்கற அம்மாகிட்ட என்னமோ சொல்லி ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. அந்தம்மா இவ பாவாடையைத் தொட்டுப் பார்க்குது. இவ அரைச்சுத்து சுத்திக் காட்டறா. நடு பஜார்ல.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நல்லா இருந்துச்சுங்க. அசிங்கமா இருந்திருந்தா நானும் சிரிச்சுட்டு விட்டிருப்பேன். அம்பதைத் தாண்டினதுக்கப்பறம் இவ எதுக்கு இவ்வளவு நல்லா இருக்கறான்னு வயித்தெரிச்சல் எனக்கு. எங்கிட்ட அப்படிச் சிரிச்சு எத்தனை காலமாச்சுன்னு ஒரு கோவம். வண்டியை எடுத்துட்டு வீட்டுக்கு வந்து, குழம்புல உப்பில்லைன்னு சத்தம் போட்டேன். உப்பு சரியாத்தான் இருந்துச்சு.

இந்தச் சமயம் பார்த்து எங்க குலதெய்வக் கோயில் கும்பாபிசேகம் வந்துச்சு. பங்காளிக அத்தனை பேரும் கூடுவாங்க, நாலு ஊரு சனம். தீர்த்தக்குடம் எடுக்கறது எங்க வீட்டு முறை. இவ வலையைக் கட்டிட்டு வந்து நின்னா நான் தூக்கு மாட்டிக்கறதான்னு இருக்குது. எங்கக்கா பாப்பாத்தியை வரச் சொன்னேன். அக்கான்னா இவளுக்குக் கொஞ்சம் பயம்.

அக்கா வந்துச்சு. கொடியில காஞ்ச சாம்பல் கலர்ப் பாவாடையை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிக்குது. "அட கூறுகெட்டவனே, இதுக்கா இத்தனை ரகளை? இது கேன்கேன்டா. உள்ள கட்டறது. கண்ணாலப் பொண்ணுகளுக்குப் பாவாடை விறைப்பா நிக்கறதுக்கு உள்ள வெச்சுத் தைப்பாங்களே, அது. மேல்துணியை விட்டுப்போட்டு வெறும் உள்துணியை வித்துப்போட்டான் கடைக்காரன். இதுக ரெண்டும் விவரமில்லாம வாங்கிட்டு வந்து வெளிய போட்டுத் திரியுதுக"ன்னுச்சு.

எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சுங்க. பாருங்க, வலையைப் பத்தி இத்தனை தெரிஞ்ச எனக்கு அது தோணலை. தெருமுக்குல டெய்லர் இருக்கறார். அவர்கிட்டக் கொண்டு போனா, அவரும் விரிச்சுப் பார்த்து முதல் கேள்வியா, "மேல்துணி எங்கீங்கண்ணா?"ங்கறார். ரெண்டு பேருக்கும் ஒண்ணே தோணினா அது தப்பா இருக்குமுங்களா? சாந்தாமணிக்கும் மனசு நோகக் கூடாது, ஊருக்கும் நல்லா இருக்கணும். அவளுக்குப் பிடிச்ச பாவாடையையே முறையாக் கட்டிக்கற மாதிரி பண்ணிக் குடுத்தர்லாம்னு முடிவு பண்ணினேன். வலைக்கு மேல நல்ல கெட்டிக் காட்டன் வெச்சுத் தைக்கச் சொன்னேன். கனம் கூடிப்போச்சு, எலாஸ்டிக் தாங்காது, இறங்கிரும்னார் டெய்லர். உருவிட்டு நாடா போட்டுருங்கன்னேன். நல்ல அகலமான நாடாங்க, அறாத நாடா. மேல பட்டுச்சீலை கட்டினா ராணியாட்ட நிக்கும்னு அக்கா சொல்லுச்சு.

கொண்டு வந்து தட்டத்துல பூவோட வெச்சுக் குடுத்தேன். நான் அவளுக்கு அப்படித் தட்டத்துல வெச்சுக் குடுத்ததே இல்லை, அது வேற விசயம். அவ பிரிச்சுப் பார்த்தா. இடுப்புப் பக்கம் விரலை விட்டுத் தடவினா. "எலாஸ்டிக் எங்கீங்க?"ன்னா. "நாடா போட்டிருக்குது, கெட்டியா நிக்கும்"னேன். என் மூஞ்சியையே பார்த்தா. நான் அவ சந்தோசத்துல பேச்சு வராம நிக்கறான்னு நினைச்சேன். மெய்யாலுமே அப்படித்தான் நினைச்சேன். அப்பறம் இன்னொரு பாவாடை, ரோஜாப்பூக் கலரு, அதைத் தேடினா. அதையும் டெய்லர்கிட்டக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். "சரிங்க"ன்னா.

அந்த ஒத்தைச் "சரிங்க"தான் அம்மிணி அவ எங்கிட்டக் கடைசியாப் பேசினது.

கும்பாபிசேகத்தன்னைக்குக் கொடுமுடியில போய்க் காவிரித் தீர்த்தம் எடுத்து, எங்க ஊரு எல்லையிலிருந்து நடை. மேளம், சனம், வெயிலு. அவ தலையில குடம். பட்டுச்சீலை, உள்ள அந்தப் பாவாடை. நீங்க பார்த்திருக்கணும், அவ்வளவு லட்சணம். பங்காளிக வீட்டுப் பொம்பளைக எல்லாம், "சாந்தாமணி மறுபடி மனுசியாயிட்டா"ன்னு பேசிக்கறாங்க, என் காதுபட. எனக்கு நெஞ்சு நிமிந்து போச்சு. குடத்துத் தண்ணி ததும்பி அவ மேலயே வழியுது. உதட்டைக் கடிச்சுட்டு நடக்கறா. பக்தியில கண்ணுல தண்ணி வருதுன்னு நினைச்சு, நான் பக்கத்துல போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன், சாமியைக் கும்பிடற மாதிரி.

பொழுதோட வீட்டுக்கு வந்தோம். அவ ரூமுக்குள்ள போனா, அக்காவும் கூடப் போச்சு. அப்பறம் அக்கா கத்தரிக்கோல் கேட்டுச்சு. ஈரத்துல நாடா இறுகி முடிச்சு அவிழ மாட்டேங்குதாம். எடுத்துக் குடுத்துட்டு வந்து நான் பந்தல்காரன்கிட்டப் பேசிட்டிருக்கேன். திடீர்னு அக்கா வெளிய வந்து, தலைதலையா அடிச்சுக்கிட்டு, "டேய் துரைசாமி, உள்ள வந்து பாருடா"ங்குது. பந்தல்காரன் முன்னாடியே.

பார்த்தேன். அதை எப்படிச் சொல்றதுங்க. இடுப்பைச் சுத்தி விரல் அகலத்துக்குக் கறுத்துக் கெடக்குது. இடது பக்கம் தோலே இல்லை. நாடா அதுக்குள்ள போய் உக்காந்திருந்திருக்குது. சாம்பல் கலர் வலையெல்லாம் வேற கலரு. அவ அழுகலை. கட்டில் கால் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, உக்கார முடியாம.

ராத்திரியே கிளம்பி, விடியறப்ப இங்க கூட்டிட்டு வந்தோம். டாக்டரம்மா பார்த்துட்டு, "எவ்வளவு நாளா இருக்குது?"ன்னு கேட்டாங்க. நான், "நேத்து தீர்த்தக்குடம் எடுத்தாங்க, அதுல"ன்னேன். அவ சுவத்தைப் பார்த்துக்கிட்டு, "ஒன்றரை வருசமா"ன்னா. டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க பாருங்க ஒரு பார்வை. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. புண்ணை வெட்டி எடுத்துட்டாங்க. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருக்காங்க. எடுத்த சதை டெஸ்ட்டுக்குப் போயிருக்குது. நல்லதா கெட்டதான்னு திங்கக்கிழமை தெரியுமாம்.

எல்லாரும் நாடாவையே குறை சொல்றாங்க. டாக்டரம்மா சொல்றாங்க, பொண்ணு சொல்லுது, எங்கக்காவே இப்பக் கட்சி மாறிட்டு நாடாவைத் திட்டுது. நான் கேட்கறேன், ஊரு உலகத்துல எந்தப் பொம்பளை நாடா கட்டலை? தண்ணி பட்டதுனால இறுகிப்போச்சு. இழுத்துக் கட்டினது தப்பு. தளர்த்தியாக் கட்டியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இதைச் சொன்னா எம் பொண்ணு எந்திரிச்சுப் போயிருது. அதுதான் உள்ள அம்மாகூட இருக்குது. நேத்து ஆரஞ்சும் பூவும் குடுத்தனுப்பினேன். அப்படியே திரும்பி வந்துருச்சு. அந்த ஜன்னல்ல இருக்குது பாருங்க, அதுதான். வேணுமா உங்களுக்கு? பழம் நல்ல பழம்.

இந்தப் பையா? இதைத்தான் சொல்ல வந்தேன்.

காலையில காந்திபுரம் போயிருந்தேனுங்க. கிராஸ்கட் ரோட்ல கடை கடையா ஏறி இறங்கினேன். பேரு மறந்து போச்சு. "கொசுவலை மாதிரி ஒரு பாவாடை"ன்னேன், ஒரு கடையில மெத்தைத் துணிப் பக்கம் அனுப்பறான். அடுத்த கடையில, "டான்ஸ் ஆடறவங்க போடறது"ன்னேன், பரதநாட்டிய டிரெஸ்ஸைக் காட்டறான். அப்பறம், "டூட்டூ, டூட்டூ"ன்னு ஞாபகம் வந்துச்சு. அதைச் சொன்னா, பொறந்த நாளுக்குப் போடற சின்னக் குழந்தைக கவுனை எடுத்துப் போடறாங்க. "பாப்பாவுக்கு எத்தனை வயசுங்க சார்?"ங்குது அந்தப் பொண்ணு. "அம்பத்திரண்டு"ன்னேன். அது சிரிக்கலைங்க. நல்ல பொண்ணு. மாடிக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்துக் காட்டுச்சு, பெரியவங்களுக்கானது, அதே அடுக்கு வலை. நான் தொட்டுப் பார்த்தேன். அதே நைலான், அதே மெதுவு. மயில் கழுத்துக் கலர்ல எடுத்தேன். அவளுக்கு அந்தக் கலரு பிடிக்கும். பிடிக்கும்னுதான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

அந்தக் கடைப் பொண்ணு, "உள்ள தனியா எதுவும் வேண்டாங்க சார், அப்படியே போடலாம்"னுச்சு. தெரியும்மான்னேன். எங்க வீட்ல அப்படித்தான் போடுவாங்கன்னு சொன்னேன். சொல்றப்ப எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, ஏன்னு தெரியலை. வாங்கி, பார்க்க வேண்டியதைப் பார்த்து, சரி பண்ண வேண்டியதைச் சரி பண்ணித்தான் கொண்டு வந்திருக்கேன்.

உங்ககிட்ட ஒரு உதவி கேட்கறேன். பொண்ணுகிட்டக் குடுத்தா வாங்காது. நீங்க உங்க மாமியாரைப் பார்க்கப் போறப்ப, பக்கத்து பெட்டுதானே, அவ கையில குடுத்தருங்க. நான் குடுத்தேன்னே சொல்லுங்க. மறைக்க வேண்டியதில்லை. இதைப் போட்டுட்டு வீட்டுக்கு வரச் சொன்னார், சந்தைக்கும் பேங்குக்கும் எங்க வேணும்னாலும் போட்டுட்டுப் போகச் சொன்னார்னு சொல்லுங்க. டீக்கடையில எவன் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கறேன். அவ வீட்டுக்கு வந்தாப் போதுங்க. அவ இல்லாத வீட்ல எனக்கு விளக்குப் போடறதுக்கே பிடிக்கலை.

அதோ, தொறந்துட்டாங்க. போயிட்டு வாங்க அம்மிணி. நான் இங்கதான் இருப்பேன்.

*

வந்துட்டீங்களா? மாமியார் சாப்பிட்டாங்களா? நல்லதுங்க.

ஏன், பை உங்க கையிலயே இருக்குது? வாங்கலீங்களா?

பிரிச்சுக் காட்டினீங்களா? பார்த்தாளா? கலரைப் பார்த்து என்ன சொன்னா? திரும்பிப் பார்த்தாளில்ல? சுவத்துப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பினாளா? கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாளா? அப்படிங்களா. தொட்டாளா. மெதுவா இருக்குதில்லைங்க? நான்தான் சொன்னேனே.

அப்பறம் எதுக்குத் திருப்பி அனுப்பினா? என்னமோ கேட்டாளா?

என்ன கேட்டா?

"இதுல நாடா இருக்குதான்னு அவரைக் கேட்டுட்டு வாங்க"ன்னாளா.

அதுங்க. அது வந்துங்க அம்மிணி, எலாஸ்டிக்கை ரெண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தேன், லொடலொடன்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கிடந்து உடம்பு வேற இளைச்சிருப்பா. நாளைக்கு நடு ரோட்டுல இறங்கிருச்சுன்னா? சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்கு, எதுத்த சந்துல ஒரு டெய்லர்கிட்ட. அது சாதா நாடா இல்லீங்க. வெல்வெட்டு நாடா, கையில வெச்சாத் தெரியாது. கட்டணும்னு இல்லை. எலாஸ்டிக் தளந்தா மட்டும், அப்பவும் தளர்த்தியா, லேசா ஒரு...

இருங்க.

குடுங்க அந்தப் பையை.

நான் என்னங்க பண்ணி வெச்சிருக்கேன்.

இந்த முனையைப் பிடிங்க அம்மிணி. ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருக்கான், உள்ள போயிரக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது. உங்ககிட்ட ஊக்கு இருக்குமா? இருக்குதா, குடுங்க. நீங்களே குத்தி எடுங்க. ஆங், வருது. வலை கிழியாமப் பார்த்துக்குங்க, பூ மாதிரி நூலு. மெதுவா இழுங்க, அப்படித்தான், இன்னுங் கொஞ்சம்.

வந்துருச்சு.

இதை நான் வெச்சுக்கறேன். நீங்க பாவாடையை மட்டும் கொண்டு போங்க. நாடா இல்லைன்னு சொல்லிராதீங்க. இருந்துச்சு, இப்பத்தான் உருவினாருன்னு சொல்லுங்க.